ஓடையைத் தாண்டாத கிருபை

தேவனுடைய கிருபை அளவில்லாதது, எல்லையில்லாதது என்று மேல்கரைச் சபைப் போதகர் ராஜாமணி ஐயா ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்வார். அந்தக் கிருபை பள்ளத்து ஓடை வரைக்கும் வந்து நின்றுவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடிப்பார். ஓடைக்குக் கிழக்கே உள்ள கிருபை கீழ்கரைச் சபையைச் சேர்ந்தது. அதை வழங்க அங்கே பாக்கியநாதன் ஐயா இருந்தார்.

இது அவர்கள் இருவரும் ஏற்படுத்திய ஏற்பாடு அல்ல. அவர்கள் பிறப்பதற்கு முன்பே இரண்டு சபைகளின் துரைமார்களும் தருமபுரியில் ஒரு பங்களா வராந்தாவில் உட்கார்ந்து, ஆத்துமாக்களைச் சேர்ப்பதில் ஒருவர் பிடிக்கிற மீனை மற்றவர் பிடிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மேஜைமேல் விரித்த வரைபடத்தில் நீலக் கோடாக ஓடிய பள்ளத்து ஓடை எல்லையாயிற்று. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஓடையில் மணல்தான் ஓடும் என்பது வரைபடத்தில் தெரியவில்லை. மீன்களை யாரும் கேட்கவும் இல்லை.

கரியன் மேல்கரை மீன். அதியமான்கோட்டைக்குத் தெற்கே கிணறு வைத்திருக்கிற விவசாயிகளுக்கெல்லாம் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற சாலுக்கு, தண்ணீரைக் கொட்டுகிற தோல்வால் தைத்துக் கொடுப்பது அவன் தொழில். குழந்தையாக இருந்தபோதே அவன் தலையில் கையளவு தண்ணீர் தெளித்து எப்பிராயீம் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரைச் சபையில் தவிர வேறெங்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அவன் மனைவி சின்னபொண்ணு கீழ்கரை மீன். அவளைத் தொட்டியில் முழுக்கி எடுத்துப் பெபேயாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரை அவளாலேயே சரியாகச் சொல்ல வராது.

கல்யாணத்தை மேல்கரையில் நடத்தி வைத்தார்கள். ஆனால் பெண்ணைத் தன் சபையிலிருந்து விடுவிக்க பாக்கியநாதன் ஐயா சம்மதிக்கவில்லை. ஓர் ஆத்துமா குறைந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். ஆகவே திருவிருந்து நாள் வந்தால் புருஷன் மேற்கே போவான், பெண்டாட்டி கிழக்கே போவாள். அப்பம் வாங்கித் தின்றுவிட்டு இருவரும் சாயங்காலம் வீட்டில் சந்திப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு சபைக்கும் வித்தியாசம் கிடையாது. தோல் தைக்கிற ஜனங்களுக்கு இங்கேயும் அங்கேயும் கதவோரம் கடைசிப் பாய்தான். எல்லோரும் குடித்து முடித்த பிறகு அவர்களுக்கென்று ஒரு தனிக் கோப்பை வரும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சின்னபொண்ணு இருமலில் படுத்தாள். துணியில் ரத்தம் காண ஆரம்பித்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பால், முட்டை, நல்ல காற்று என்று டாக்டர் சொன்னார். காற்று இருந்தது.

"ஏனுங்க," என்றாள் ஒருநாள். "ஒருக்காவாச்சும் நாம ரெண்டு பேரும் ஒரே பாய்ல ஒக்காந்து அந்த அப்பத்த வாங்கித் திங்கணுங்க."

"திங்கலாம் புள்ள. மொதல்ல ஒடம்பு தேறட்டும்."

"தேறாதுங்க. எனக்குத் தெரியாதா? எனக்கு ஒரே பயந்தாங்க. நான் போற எடத்துலயும் நடுவால ஓட இருக்குமுங்களா? நான் கீழ்கரையில, நீங்க மேல்கரையில?"

தெரிந்தவர்களிடம் கேட்டு வருகிறேன் என்று கரியன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ராஜாமணி ஐயா பங்களா வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு சபைகளும் சேர்ந்து ஐக்கிய மாநாடு நடத்தப்போகின்றன. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலில் பெரியவர்கள் வருகிறார்கள். அதற்கான பிரசங்கம். வெயிலில் படிக்குக் கீழே நின்ற கரியனைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷமாயிற்று. வாசித்துக் காட்ட ஓர் ஆள் கிடைத்தான்.

"கேள், எப்பிராயீமே. 'கர்த்தருடைய பந்தியிலே மேல் வரிசை இல்லை, கீழ் வரிசை இல்லை. அந்தக் கரை இல்லை, இந்தக் கரை இல்லை. சுவர் எழுப்புகிறவன் கிருபையின் சத்துரு.' எப்படி இருக்கிறது?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்கய்யா. எங்கூட்டுக்காரிக்கு ரொம்ப முடியலீங்க. அய்யா ஒருநட எங்க வூட்டுக்கு வந்து எங்க ரெண்டு பேருக்கும் திருவிருந்து குடுத்தீங்கன்னா..."

"உன் வீடா? அது ஓடைக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது?"

அது உண்மைதான். முந்தின ஐப்பசியில் வந்த வெள்ளம் பழைய தடத்தை விட்டுவிட்டு, கரியன் குடிசைக்கு மேற்கே புதுத் தடம் அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. வெள்ளம் வடிந்து பார்த்தால் மேல்கரையில் இருந்த குடிசை கீழ்கரையில் இருந்தது.

"வூடு நவரலீங்கய்யா. ஓடதான் நவந்துச்சு."

"எது நகர்ந்தது என்பது முக்கியமல்ல. நம் துரைமார்கள் உடன்படிக்கை செய்தது ஓடையை வைத்து. உன் குடிசையை வைத்து அல்ல. அடுத்த சபையின் எல்லைக்குள் நான் அப்பத்தோடு நுழைந்தால் ஐக்கியம் என்ன ஆவது? மாநாட்டு நேரத்தில் இப்படிப்பட்ட ஆசை சாத்தானால் வருவது."

கரியன் புது ஓடையையும் பழைய ஓடையையும் தாண்டிக் கீழ்கரைக்கு நடந்தான். பாக்கியநாதன் ஐயா தடித்த கண்ணாடி போட்டவர், சட்டம் தெரிந்தவர். வழக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"உடன்படிக்கை எழுதினபோது ஓடிய ஓடைதான் ஓடை. இப்போது ஓடுவது வெள்ளம் செய்த பிசகு. உன் வீடு பழைய ஓடைக்கு மேற்கே. மேல்கரைதான். பெபேயாள் எங்கள் ஆடு, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டுக்காக மேய்ப்பன் அடுத்தவன் கொல்லையில் நுழையலாமா? அவளை இங்கே கொண்டு வா, கொடுக்கிறேன்."

"ரெண்டு பேருக்கும் சேத்துங்களா?"

"உனக்கு எப்படி? நீ இன்னும் ஞானஸ்நானமே பெறவில்லையே."

"சின்னப் புள்ளையிலயே ஆச்சுங்களே."

"எவ்வளவு தண்ணீர்?"

"கையளவுங்க."

"அது உன் உச்சி மயிருக்குக் கிடைத்த ஞானஸ்நானம். மயிர் பரலோகம் போகும். நீ எங்கே போவாய்?"

கரியன் தலையைத் தடவிப் பார்த்தான். முன்மண்டையில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. இரட்சிக்கப்பட்ட பாகம் எங்கெங்கே விழுந்து கிடக்கிறதோ என்று அவனுக்கு நிஜமாகவே கலக்கம் வந்தது. முழுகிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

அந்தக் கோடையில் முழுகத் தண்ணீர் எங்கே இருந்தது? அவன் தோல்வால் தைத்துக் கொடுத்த கிணறுகளில் இருந்தது. அதில் அவன் இறங்கக் கூடாது. சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் பல்லி ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியை நிரப்புகிறவனுக்குக் கர்த்தர் நிரப்புவார் என்று பாக்கியநாதன் ஐயா சொன்னார். கரியன் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் செம்பில் மொண்டு பானையில் ஊற்றி, பானையைத் தோளில் வைத்துச் சுமந்தான். பகலெல்லாம் சுமந்தான். தொழிலைப் போட்டுவிட்டுச் சுமந்தான். தொட்டி கழுத்துவரை நிரம்பியது.

நிரம்பிய பிறகு ஆட்சேபம் வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை முன்வரிசைக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கும் ஞானஸ்நானம். இவன் சுமந்த தண்ணீரில் அவர்கள் எப்படி முழுகுவது? பாக்கியநாதன் ஐயா தொட்டியோரம் நின்று நீண்ட ஜெபம் பண்ணி, இப்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று தீர்த்து வைத்தார். தண்ணீரைச் சுத்தமாக்கிய ஜெபத்தில் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் ஆளும் சுத்தமாகியிருப்பான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கரியன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றான்.

தொட்டியில் ஒரு விரிசல் இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக முழுகி, பாட்டுப் பாடி, தலை துவட்டி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கரியன் உயரமான ஆள். உட்காரவைத்து மல்லாத்தினார்கள். தலை முழுகிற்று, மார்பு முழுகிற்று, இரண்டு முழங்காலும் வெளியே நின்றன. முழங்காலை அமுக்கினால் முகம் வெளியே வந்தது. சபை மூப்பர்கள் சுற்றி நின்று ஆலோசித்தார்கள். முழங்கால் என்பது ஜெபத்துக்குரிய உறுப்பு, அது நனையாமல் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மழை வந்த பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஈரத்துணியோடு வந்து குடிசை வாசலில் உட்கார்ந்தவனைப் பக்கத்துக் குடிசைத் தீர்த்தம்மாள் பார்த்தாள். காய்கறி விற்கிறவள், மாரியாத்தாளைக் கும்பிடுகிறவள். சின்னபொண்ணுக்கு உடம்பு துடைத்து விடுவதும் வாயில் கஞ்சி ஊற்றுவதும் அவள்தான்.

"ஏண்டா கரியா, ஒங்க சாமி கடலு மேலயே நடந்தாருன்னு சொல்லுவியே. இந்த ஓடையத் தாண்ட மாட்டாராமா?"

"அவரு தாண்டுவாருங்கக்கா. இவங்க உடமாட்டேங்கறாங்க."

அப்போதுதான் ஊர் ஊராகத் தமுக்கு அடித்துச் சொன்னார்கள்: ஐக்கிய மாநாடு பழைய ஓடை மணலில் நடக்கும், முடிவில் கூட்டுத் திருவிருந்து உண்டு. அந்தக் கரைக்கு இவர் வரமாட்டார், இந்தக் கரைக்கு அவர் வரமாட்டார் என்பதால் மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். கரியன் குடிசையிலிருந்து கூப்பிடு தூரம். கூட்டு என்றால் இரண்டு கரைக்கும் சேர்த்துத்தானே என்று அவன் கணக்குப் போட்டான். கயிற்றுக்கட்டிலில் சின்னபொண்ணைப் படுக்கவைத்து, ஒரு முனையை அவனும் மறு முனையைத் தீர்த்தம்மாளும் அவள் புருஷனும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கல்யாணச் சேலையைக் கட்டச் சொல்லியிருந்தாள். இடுப்பில் அது நிற்கவில்லை, கயிறு வைத்துக் கட்ட வேண்டியிருந்தது.

பந்தலில் முன்னால் பெஞ்சு, நடுவில் ஜமக்காளம், நிழல் முடிகிற இடத்தில் கடைசிப் பாய். கட்டிலைக் கடைசிப் பாய்க்கும் பின்னால் வெயிலில் இறக்கினார்கள்.

முதலில் ஜெபம். மேல்கரையார் முழந்தாளிட்டு ஜெபிப்பார்கள், கீழ்கரையார் நின்று ஜெபிப்பார்கள். இருவருக்கும் பொதுவாக முழங்காலைப் பாதி மடக்கி நிற்பது என்று கமிட்டி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. அத்தனை பெரியவர்களும் அப்படி நின்றார்கள். பெங்களூர்ப் பெரியவர் நீளமாக ஜெபித்தார். கால்கள் நடுங்கின, ஒரு மூப்பர் சாய்ந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். மேல்கரை வழக்கத்துக்கு அவர் மாறிவிட்டாரோ என்று கீழ்கரையில் முணுமுணுப்பு எழுந்தது.

பிறகு ராஜாமணி ஐயா தம் பிரசங்கத்தைச் செய்தார். சுவர் எழுப்புகிறவன் கிருபையின் சத்துரு என்ற இடத்தில் கை தட்டினார்கள். பாக்கியநாதன் ஐயா எழுந்து, கிருபை விலையில்லாதது, கைநீட்டுகிற எவனுக்கும் மறுக்கப்படாதது என்றார். அதற்கும் தட்டினார்கள். கரியனும் தட்டினான்.

தீர்மானங்கள் வந்தன. ஐக்கிய சபையின் பேரில் எந்தக் கரை முதலில் வருவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. அப்பம் தோசைக்கல்லில் சுட்டதா, பெங்களூர் ரொட்டியா என்பதில் மத்தியானம் ஆயிற்று. ஒரே கோப்பையா, சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளையா என்று வந்தபோது இருமல் நோயைப் பற்றிப் பேசினார்கள், சிலர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்கள். எதுவும் முடிவாகவில்லை. "இருக்கை ஒழுங்கும் கோப்பை ஒழுங்கும் இப்போதுள்ளபடியே நீடிக்கும்" என்ற தீர்மானத்தை ராஜாமணி ஐயா வாசித்தார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றார். கடைசிப் பாயைத் திரும்பிப் பார்க்காமலே இல்லை என்று எழுதிக்கொண்டார். அது ஒன்றுதான் விவாதமில்லாமல் நிறைவேறியது.

கூட்டுத் திருவிருந்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். பந்தலுக்கு மேற்கே ஒரு கொட்டகை, கிழக்கே ஒரு கொட்டகை. நடுவில் ஒரு மணி. மணி அடித்ததும் இரண்டு கொட்டகையிலும் ஒரே நேரத்தில் அவரவர் அப்பம், அவரவர் கோப்பை. மணி ஒன்று என்பதால் சபையும் ஒன்று என்று பெங்களூர்ப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க எந்தக் கொட்டாய்க்குப் போறதுங்க?" என்று கரியன் கேட்டான்.

மார்பில் ரிப்பன் குத்திய தொண்டன் ஒருவன் ஓடிப் போய் இருவரையும் கேட்டு வந்தான். வெள்ளத்தில் எல்லை மாறிய வீடுகளைப் பற்றி உபகமிட்டி அமைக்கப்படும் என்று சொன்னான். கட்டிலை அப்புறப்படுத்தச் சொன்னான். போட்டோ எடுக்கப் போகிறார்கள், கட்டில் படத்தில் விழுகிறது.

கட்டிலைத் திரும்பத் தூக்கினார்கள். குடிசைக்குள் இறக்கும்போது பின்னால் மணி அடித்தது. சின்னபொண்ணு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. கரியனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தீர்த்தம்மாள் காலையில் கிண்டி வைத்த களி சட்டியில் இருந்தது. அவன் கையைக் கழுவிக்கொண்டு ஒரு உருண்டையைப் பிட்டான். பாயை விரித்து, அவளைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து உட்கார வைத்தான். போதகர் சொல்லுகிற வார்த்தைகள் அவனுக்கு முழுக்க ஞாபகம் இல்லை. கடைசிப் பாய்க்குப் பாதிதான் கேட்கும்.

"நமக்காவத் தன்னையே குடுத்தாருன்னு சொல்லுவாங்களே, அது இதுதான் புள்ள. வாங்கிக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் தின்றான். காலையிலிருந்து தூக்கிச் சுமந்து பசியோடு நின்ற தீர்த்தம்மாளுக்கும் ஒரு துண்டு கொடுத்தான். செம்பிலிருந்த நீச்சத்தண்ணியைச் சின்னபொண்ணு இரண்டு மடக்குக் குடித்தாள். அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, துடைக்காமல், கரியன் குடித்தான்.

"ஒண்ணாத் தின்னுட்டோமுங்க," என்றாள் அவள்.

பந்தல்கால் ஆடுகிறது, தோல்கயிறு இருக்கிறதா என்று கேட்க வந்த ரிப்பன் தொண்டன் வாசலில் நின்றான். "என்ன செய்கிறீர்கள்?" என்றான்.

"திருவிருந்துங்க," என்றான் கரியன். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

பெரியவர்கள் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் இரண்டு சபைகளின் மூப்பர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். யார் பேர் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. நிற்பதா முழந்தாளிடுவதா என்று கேட்கவில்லை. அப்பம் எதில் சுட்டது என்ற பேச்சு மட்டும் வந்தது. கேழ்வரகு என்று தெரிந்ததும் எல்லோரும் ஒருமுகமாக முகத்தைச் சுளித்தார்கள். கையெழுத்துப் போட ஒரே பேனா கைமாறிக் கைமாறிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை சின்னபொண்ணு செத்துப்போனாள். அவளைப் புதைக்க எந்தக் கல்லறைத் தோட்டத்தின் சாவியையும் கரியன் கேட்கப் போகவில்லை. புது ஓடைக்கும் பழைய ஓடைக்கும் நடுவில், குடிசைக்குப் பின்னாலேயே குழி வெட்டினான்.

அடுத்த வாரம் ஒரு ஜட்கா வண்டி மணலில் தள்ளாடிக்கொண்டு வந்து குடிசை முன்னால் நின்றது. அதிலிருந்து ராஜாமணி ஐயாவும் பாக்கியநாதன் ஐயாவும் ஒன்றாக இறங்கினார்கள். சாகக் கிடந்தவள் கூப்பிட்டபோது இருவருக்கும் நடுவில் இருந்த ஓடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வண்டி அதைத் தாண்டி வந்திருந்தது. ஒருவர் காகிதத்தின் ஒரு முனையையும் மற்றவர் மறு முனையையும் பிடித்துக்கொள்ள, ராஜாமணி ஐயா வாசித்தார்.

"அதிகாரமில்லாமல் பரிசுத்த பந்தியை அவமதித்தபடியால், எப்பிராயீம் என்கிற கரியனையும் அவன் மனைவி பெபேயாளையும் இரு சபைகளும் ஏகமனதாய் விலக்கி வைக்கின்றன. மனந்திரும்பாவிட்டால் இருவரும் நித்திய அக்கினிக்குப் பாத்திரராவார்கள்."

"அவ போயிட்டாளுங்களே," என்றான் கரியன்.

பாக்கியநாதன் ஐயா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "கேள்விப்பட்டோம். தீர்மானம் அதற்கு முந்தினது. இருவருக்கும் செல்லும்."

"ரெண்டு பேரையும் சேத்துத்தாங்களா தள்ளியிருக்குது?"

"சேர்த்துத்தான்."

"ஒரே எடத்துக்குத்தானுங்களே?"

"ஒரே இடம்தான். அதில் இரு சபைக்கும் அபிப்பிராய பேதமில்லை."

"நடுவுல ஓட கீட..."

"அங்கே ஏது ஓடை?" என்று ராஜாமணி ஐயா எரிந்து விழுந்தார். "அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!"

கரியன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கை இரண்டையும் கூப்பிக் கும்பிட்டான். குடிசைக்குப் பின்னால் போய், இன்னும் இறுகாத மண்மேட்டோரம் குந்தி உட்கார்ந்தான்.

"கேட்டியா புள்ள? ரெண்டு அய்யாவும் வந்து சொல்லிட்டாங்க. அங்க ஓட இல்லியாம்."